கொல்லையில் ஓர் அறை: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் நகரமைப்புப் பிரிவினருக்கும் வணக்கம்.

வீட்டோடு ஓர் அறை கட்ட அனுமதி கேட்டு நாங்கள் கொடுத்த கோப்பு போன வாரம் மறுபடியும் திரும்பி வந்தது. விவரம் உங்களுக்கே தெரியும். "ஏற்கெனவே உள்ள கட்டடத்தின் அனுமதி வரைபடத்தை இணைக்கவும்" என்பது இந்த முறை குறிப்பு. நாங்கள் கேட்பது மாடியும் அல்ல, கல்யாண மண்டபமும் அல்ல. கொல்லையில், கிணற்றடிக்கு இந்தப் பக்கம், 180 சதுர அடியில் ஓர் அறை.

என் மனைவி வரி ஆலோசகர். இப்போது கூடத்தில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் என் அப்பாவின் கட்டிலும் அதே கூடத்தில்தான். மாதாமாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி கணக்குக்காகக் கடைக்காரர்கள் பில் கட்டுகளோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அப்பாவுக்குத் துணி மாற்ற வேண்டுமென்றால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "கொஞ்சம் வெளியே இருங்கண்ணே" என்பார் மனைவி. அவர்களும் பாதிக் கணக்கில் எழுந்து தெருவில் போய் நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர் என் அப்பா. வந்து நிற்பவர்களில் சிலர் அவரிடம் படித்தவர்கள்.

இதற்குத்தான் அந்த அறை. அதற்குத்தான் வரைபடம் கேட்கிறீர்கள். வீடு கட்டிய காலத்தில் எங்கள் பகுதி ஊராட்சி. தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடைக்கால் தோண்டுவதுதான் அன்றைய வழக்கம். அப்புறம் நகராட்சியோடு சேர்த்தீர்கள், வரி போட்டீர்கள், 2022-இல் அதை உயர்த்தவும் செய்தீர்கள். ஒரு ரசீது விடாமல் வைத்திருக்கிறோம். வரி வாங்கும்போது இருக்கிற வீடு, அனுமதி கேட்கும்போது மட்டும் எப்படி இல்லாமல் போகிறது? வரைபடத்துக்குப் பதிலாக வேறு எந்த ஆவணம் போதும் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். அது ஒன்றுதான் எங்கள் கோரிக்கை.

2024 ஜூலையில் சுயசான்று முறை, அதாவது வீட்டுக்காரரே விவரங்களுக்குச் சான்றளித்து அனுமதி பெறும் முறை, வந்தபோது சந்தோஷப்பட்டோம். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் இணையத்திலேயே அனுமதி. எங்கள் மனை ஆறு சென்ட், அதாவது 2,613 சதுர அடி. நூற்றுச் சொச்சம் சதுர அடியைக் கூடுதலாக வாங்கிப் போட்ட தாத்தாவை என்ன சொல்வது!

அலுவலகம் என்று எழுதினால் வணிகக் கட்டடமாகிவிடும் என்றும் உங்கள் அலுவலகத்தில் பயமுறுத்தினார்கள். வீட்டோடு சேர்ந்த 200 சதுர அடி வரையிலான ஆலோசனை அறைக்கு மின்சாரக் கட்டணம்கூட வீட்டுக் கணக்கில்தான் வருகிறது. நீங்கள் மட்டும் ஏன் கடைத்தெருக் கணக்குப் போட வேண்டும்?

இதையெல்லாம்விட மனதை உறுத்துவது வேறு. "எதுக்கு சார் அலையறீங்க, தகர ஷீட்டைப் போட்டு உட்கார்ந்துக்குங்க, யாரும் கேட்க மாட்டாங்க" என்று உங்கள் ஊழியர் ஒருவர் அக்கறையாகத்தான் சொன்னார். அனுமதி கொடுக்கும் இடத்திலேயே அனுமதியில்லாமல் கட்ட யோசனை கிடைக்கிறது. சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் கம்ப்யூட்டரை வைத்து என் மனைவியால் ஒரு மணி நேரம் உட்கார முடியுமா? அனுமதி இல்லாத கட்டடத்துக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். எங்கள் தெருமுனையில் சாக்கடை மேலேயே தூண் எழுப்பி மூன்று மாடி நிற்கிறது, யாரும் கேட்கவில்லை. அவர்கள் எந்த வரைபடத்தை இணைத்தார்கள் என்று சொன்னால் நாங்களும் அதே கடையில் நகல் எடுத்துக்கொள்வோம்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். ஊராட்சிக் காலத்து வீடுகளுக்குப் பழைய வரி ரசீதை ஏற்பீர்களா, அல்லது பதிவு பெற்ற பொறியாளர் இப்போது அளந்து போட்டுத் தரும் வரைபடத்தை ஏற்பீர்களா? எதுவானாலும் எழுத்தில் தாருங்கள். எங்கள் வார்டில் இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. முடியாது என்பதுதான் பதிலென்றால், 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் எந்த விதிப்படி முடியாது என்று எண்ணைக் குறிப்பிட்டு அதையும் எழுத்திலேயே தாருங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நகராட்சிக்கு வரி பாக்கி இல்லாத ஒரு குடியிருப்பாளர்