மெட்ரோ வேறு, மீட்டர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

மெட்ரோ, மீட்டர் இரண்டுக்கும் ஒரே கிரேக்க வேர் என்று சிலர் எழுதுவது பிழை. கிரேக்கத்தில் தாய் 'மேத்தேர்', அளவு 'மெத்ரோன்'; மெட்ரோ தாயிலிருந்தும் மீட்டர் அளவிலிருந்தும் வந்தவை. முன்னது நெடில், பின்னது குறில். எ, ஏ பிரித்தெழுதும் நமக்கு இது சட்டெனப் பிடிபட வேண்டும். ஆங்கில எழுத்தில்தான் இரண்டும் கலந்துவிடுகின்றன.

'தாயின்' என வேற்றுமை ஏற்கையில் நடு உயிர் உதிர்ந்து 'மேத்ரோஸ்' ஆகும். நகரத்தைக் குறிக்கும் 'போலிஸ்' சேர்ந்தால் 'மேத்ரோபோலிஸ்', அதாவது தாய்நகரம். கடல் கடந்து குடிகளை அனுப்பிய ஊருக்கே அந்தப் பெயர். சிசிலித் தீவின் சிராகூஸுக்குக் கிரேக்க நகரமான கொரிந்து தாய்நகரம். 1900இல் ஓடத் தொடங்கிய பாரிஸ் நகர ரயிலுக்கு, இச்சொல்லிலிருந்து வந்த 'மெட்ரோபாலிட்டன்' என்ற அடைமொழி சுருங்கியதே மெட்ரோ.

கருப்பை 'மேத்ரா'. கருப்பையின் உட்சவ்வான எண்டோமெட்ரியத்தின் பெயரில் இருப்பது அதுதான். தெர்மாமீட்டரில் இருப்பது மெத்ரோன். பழங்கிரேக்க வட்டார வழக்கான டோரியத்தில் தாயைக் குறிக்கும் 'மாத்தேர்' வடமொழி 'மாத்ரு'வுக்கு உடன்பிறப்பு, கடன் அல்ல.