டிக்ஃபோர்ட் வண்டிக்குக் கூரைத் துணி மாற்றுமுன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டிக்ஃபோர்ட் என்ற பட்டறை பாடி கட்டிய, துணிக்கூரை மடங்கும் பழைய காருக்குத் துணி அளவெடுக்கச் சொன்னால், நாங்கள் முதலில் மரச்சட்டத்தைத் தட்டிப் பார்க்கிறோம். காரணத்துக்கு முன் கொஞ்சம் வரலாறு.

இங்கிலாந்தில் நியூபோர்ட் பேக்னெல் ஊரில் குதிரை வண்டி கட்டிவந்த சால்மன்ஸ் குடும்பத்தின் பட்டறை அது. இருந்த தெரு டிக்ஃபோர்ட் தெரு. 1920களில் அவர்கள் கொண்டுவந்த கூரைக்கும் அதே பெயர்: பக்கவாட்டுத் துளையில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் மடங்கி இறங்கும். பிறகு அவர்கள் பாடி கட்டிய எம்ஜி என்ற பிரிட்டிஷ் கார்களில் சுற்றுவது கிடையாது, கையால் மடிக்கும் மூன்று நிலைக் கூரை (மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது). இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிறுவனத்தின் பெயரே டிக்ஃபோர்ட் ஆனது. 1950களின் நடுவில் அதை ஆஸ்டன் மார்ட்டின் கார் நிறுவனத்தின் உரிமையாளர் டேவிட் பிரவுன் வாங்கினார். ஆஸ்டன் மார்ட்டின் கார்கள் 2007 வரை அங்கேயும் தயாராயின.

இனி காரணம்: போருக்கு முந்தைய பாடி, ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தாலான சட்டத்தின் மேல் தகடு போர்த்தியது. ஈரம் கதவின் அடியிலும், பின்பக்கம் கூரை மடிந்து உட்காரும் இடத்திலும் தேங்கும். இரும்புத் திருகு துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரம் கறுத்து உதிரும். வெளித்தகடு பளபளவென்றே இருக்கும், அதுதான் ஏமாற்றுகிறது.

நீங்களே பார்க்கலாம். கதவை ஓரடி திறந்து, கீழ் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கீலில் மட்டும் ஆட்டம் இருந்தால் ஊசி தேய்மானம், சின்ன வேலை. கதவைத் தாங்கும் தூணும் சேர்ந்து அசைந்தால் மரம் போய்விட்டது. அதற்கும் முன்னால், சேசிஸுக்கும் (காரின் அடித்தளச் சட்டம்) பாடிக்கும் இடைவெளியை நிரப்ப வைத்த அட்டைகளைப் பாருங்கள். அவை நசுங்கியிருந்தாலே கதவு தொங்கும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்ததும் உண்டு.

சட்டம் முறுக்கியிருக்கும்போது துணி தைத்தால், கூரையின் ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் இழுபடும். பூட்டு சேராததால் வலிந்து சுற்றுவார்கள், பல்சக்கரம் உடையும். ஆகவே வரிசை: அட்டை, சட்டம், கதவு இடைவெளி, துணியைத் தாங்கும் கூரை வளையங்கள், கடைசியில் துணி. மாற்று மரம் நன்றாகக் காய்ந்த ஆஷ்தான். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு காற்றில் காய வேண்டும். திருகு பித்தளை.

நனைந்த கூரையை மடித்து வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். வண்டியை எங்களிடம் விடும்போது கூரை சுற்றும் கைப்பிடியையும் மறக்காமல் கொடுங்கள். வேறு கைப்பிடி பொருந்தாமல் துளையைத் தேய்த்துவிட்டால், அதைச் சரிசெய்வது துணி வேலையைவிடத் தொல்லை.