பரங்கிமலை நடை: விளக்கம் சொல்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும் அளவைப் பணியைத் தொடங்கிய லாம்ப்டன் பற்றி ஞாயிறு காலை பேசுபவர்களுக்குச் சில குறிப்புகள்.

வில்லியம் லாம்ப்டன் பிரிட்டிஷ் ராணுவத்தின் 33ஆம் காலாட்படை அதிகாரி. இங்கே அடிக்கோட்டை (முக்கோணக் கணக்குக்கு ஆதாரமாகத் தரையில் நேரடியாக அளக்கும் கோடு) அளக்கத் தொடங்கியது 1802 ஏப்ரல் 10. நீளம் சுமார் ஏழரை மைல். எஃகுச் சங்கிலி 100 அடி, இரண்டரை அடிக் கண்ணிகள் 40. மரப்பெட்டியில் கிடத்தி, நிழல் கட்டி, வெப்பமானி பார்த்துத்தான் ஒவ்வொரு தடவையும் அளந்தார்கள். காரணத்தை விடாமல் சொல்லுங்கள்: 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும், 400 தடவை போட்டால் பிழை ஒன்றரை மீட்டரை நெருங்கும்.

1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) சுவரில் மோதியது. அளவு வட்டம் கோணிப்போனது. ஆறு வாரம் கூடாரத்தில் இருந்து அவரே நிமிர்த்தினார்.

எவரெஸ்ட் உயரத்தை இவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள் (வழக்கமாக நடக்கும் தவறு!). அந்த உயரம் கணக்கிடப்படும் முன்பே, 1823இலேயே, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இறந்துவிட்டார்.

100 அடிச் சங்கிலியின் நீளத்தைக் காட்ட, வீட்டில் 30 மீட்டர் எஃகு அளவு நாடா இருந்தால் எடுத்துவரவும்.