மார்கழி லீவுக்கு வருவாய்தானே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நல்ல சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் முறிகண்டிப் பிள்ளையார் துணை. போன் எடுத்தால் "பிறகு எடுக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். பிறகு எடுப்பதில்லை. வங்கியில் வேலை கூட என்று தெரியும். அதுதான் பேனையைப் பிடித்தேன்.

நிற்க. உன் சின்னவளுக்கு மூன்று இடத்தில் ரியூசன் என்று அம்மா சொன்னாள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு மூன்று ரியூசன் எதற்கு மகள்? புலமைப்பரிசில் சோதனை ஐந்தாம் ஆண்டில்தானே. இப்போதே கடந்தகால வினாத்தாளும் வெட்டுப்புள்ளிக் கதையுமா?

தரம் ஒன்றையும் இரண்டையும் சேர்த்து முதலாம் முதன்மை நிலை என்று சும்மா பிரிக்கவில்லை. அங்கே விளையாட்டுக்குத்தான் முதலிடம். அடுத்தது கையால் செய்து பார்ப்பது. குந்தியிருந்து எழுதுவது கடைசி. மூன்றிலும் நாலிலும் இந்த மூன்றும் சமனாக வரும். ஐந்தில்தான் எழுத்து வேலை முன்னுக்கு வரும். 1999இல் இந்தத் திட்டம் வந்தபோது நீ முதலாம் ஆண்டு, என் வகுப்பிலேயே. பள்ளிக்கூடத்தில் "சேர்" என்று கூப்பிடச் சொன்னதற்கு வீட்டிலும் கொஞ்ச நாள் "சேர், தேத்தண்ணி" என்று திரிந்தாய். அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பொருளாதாரத் தடைக் காலம். கொப்பி இல்லை, பென்சிலைத் துண்டாக வெட்டிப் பங்கிட்டோம். மரத்துக்குக் கீழே மணலில்தான் எழுத்து. முதலில் கோடு, வட்டம், வளைவு. பிறகு ட, ப, ம. சுழித்து எழுதும் எழுத்தெல்லாம் பிந்தித்தான், விரல் பழகவேண்டும். சின்னவள் "ள"வையும் "ழ"வையும் மாற்றி எழுதுகிறாள் என்று சத்தம் போடுகிறீர்களாம். இந்த வயதில் மாற்றி எழுதாத பிள்ளை எது? நீ "பழம்" என்பதை எத்தனை விதமாய் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைதான் இன்றைக்குக் கொழும்பில் வங்கி அதிகாரி. ஊரில் யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறேன்.

தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் என்று பிரிப்பது எங்களுக்குத்தான். உங்களை வவுனிக்குளக் கட்டுக்குக் கூட்டிப்போவேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாலியாற்றைக் காட்டுவீர்கள். கொக்கு எண்ணுவீர்கள். வந்து அதைக் கதையாகச் சொல்லி, கீறியும் காட்டுவீர்கள். எது கணக்கு, எது தமிழ் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆங்கிலமும் இந்த இரண்டு வருசமும் காதாலும் வாயாலும்தான், முறையான பாடம் தரம் மூன்றில். அதற்கு முன்னமே இலக்கணம் எழுதச் சொல்லும் ரியூசன் மாஸ்டரை நான் ஒருக்கால் பார்க்கவேண்டும்.

கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். எட்டுக் கொட்டையை நெருக்கி ஒரு வரிசை, இன்னும் எட்டைப் பரப்பி ஒரு வரிசை வைத்துப் பார். ஐந்து வயசுப் பிள்ளை அநேகமாக நீளமான வரிசையில்தான் கூட இருக்கிறது என்று சொல்லும். எண்ணத் தெரிந்த பிள்ளையும் சொல்லும். அது மொக்குத்தனம் இல்லை. ஒன்றுக்கு நேரே ஒன்றாக வைத்து வைத்துப் பார்த்து, ஒரு நாள் தானாக விளங்கும். அடித்தாலும் முந்தி விளங்காது.

ஆவணி லீவுக்கு வந்தபோது சின்னவளோடு பாலைக்கொட்டை வைத்து விளையாடினேன். எட்டும் ஐந்தும் எத்தனை என்றேன். "பன்னிரண்டு" என்றாள். மற்றக் கொட்டையை எடுக்க நான் கையை நீட்டினேன், அவ்வளவுதான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்று அவளிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும்.

ரியூசனைக் குறை. இரண்டையாவது நிற்பாட்டு. பின்னேரத்தில் அவளை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போ, சிப்பி பொறுக்கட்டும், நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிக்கட்டும். தரம்பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு பாதி வந்தமாதிரி. இதை மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. இல்லை, வேண்டாம். நீயே வைத்திரு. அவருக்கு அலுவலகத்தில் நெருக்கடி என்று சொன்னாய், போன வருசமும் அதைத்தான் சொன்னாய்.

இங்கே வேறு புதினம் இல்லை. மேற்கு வளவு அலுவல் அப்படியே கிடக்கிறது, மாமா வாய் திறக்கிறார் இல்லை. சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. அம்மாவின் முழங்கால் பழுதில்லை.

ரியூசனைப் பற்றி யோசி மகள். ஒன்று போதும், அதுவும் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மார்கழி லீவுக்கு வாருங்கள், குளம் வான் பாய்கிற நேரம். அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். லீவு முடிந்ததும் உடனே திரும்பவேண்டும் என்றும் இல்லை, இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. மாங்குளத்தில் எந்த நேரம் இறங்கினாலும் நான் மோட்டார் சைக்கிளோடு நிற்பேன்.

கடிதம் கிடைத்ததும் போன் எடு. அவர் வீட்டில் இல்லாத நேரமாய்ப் பார்த்து எடு.

இப்படிக்கு,
அப்பா