ரோனாவுக்கும் ஒரு பலகை: நாகை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நாகப்பட்டினம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தமிழ்நாடு அருங்காட்சியகங்கள் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

என் பாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கடைசிவரை அதை "ரஜூலா பெட்டி" என்றுதான் சொல்வார். பினாங்கிலிருந்து திரும்பியபோது அதில் கொண்டுவந்த துணிகள் எப்போதோ கிழிந்துபோயின. பெட்டியோடு கப்பலின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்தத் தலைமுறைக்குக் கப்பல் என்றாலே ரஜூலாதான்.

ரஜூலாவுக்குக் கூடப்பிறந்த கப்பல் ஒன்று உண்டு. பெயர் ரோனா. பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனிக்காக இரண்டும் 1926-இல் பிரிட்டனில் கட்டப்பட்டவை. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று இரண்டுக்கும் ஒரே தடம். மேல் வகுப்பு அறைகள் கொஞ்சம்தான். டெக்கில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள உரிமம் இருந்தது. அத்தனை பேர் பாயும் மூட்டையும் விரித்தால் கால் நீட்ட எங்கே இடம் இருந்திருக்கும்? நம் கரையில் கப்பல் தள்ளித்தான் நிற்கும். படகில் போய், அலையில் ஆடியபடியே ஏற வேண்டும். கங்காணிகள் திரட்டிய ரப்பர் தோட்டக் கூலிகள் இப்படித்தான் மலாயாவுக்குப் போனார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ரோனாவை 1940-இல் பிரிட்டிஷ்காரர்கள் படை ஏற்றும் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். கூலிகளை அடுக்கிய தளத்தில் சிப்பாய்களை அடுக்குவது அவர்களுக்குக் கடினமாக இருந்திருக்காது.

1943 நவம்பரில் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் சுமார் 2,000 அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு அது புறப்பட்டது. சூயஸ் வழியாக அவர்கள் வரவேண்டிய இடம் இந்தியா. 26-ஆம் தேதி மாலை ஜெர்மன் விமானங்கள் ரோனா சேர்ந்து போன கப்பல் கூட்டத்தைத் தாக்கின. விமானத்திலிருந்தபடியே ரேடியோவால் திசைதிருப்பக்கூடிய புது வகைக் குண்டு ஒன்று ரோனாவின் இடப்பக்கம் பாய்ந்து எஞ்சின் அறைப் பகுதியில் வெடித்தது. உயிர்காக்கும் படகுகளில் பல குண்டிலேயே நாசமாயின. மிச்சமிருந்தவற்றில் பல கீழே இறங்க மறுத்தன. இருட்டும் நேரம், குளிர்ந்த கடல், பெரிய அலை. கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் பயோனியர் என்ற அமெரிக்கக் கப்பல் தனியாகவே 606 பேரைத் தூக்கியெடுத்தது. இறந்தவர்கள் 1,138 பேர். அதில் 1,015 பேர் அமெரிக்கப் படையினர்.

குண்டின் ரகசியம் எதிரிக்குத் தெரியக்கூடாது என்று அமெரிக்க அரசு பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரியாமலே பெற்றோர் பலர் போய்ச் சேர்ந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களும் உறவினர்களும் விடாமல் கேட்டுக் கேட்டு, 1996-இல் அலபாமாவில் நினைவுக்கல் நட்டார்கள். 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றமும் தீர்மானம் போட்டு அவர்களை நினைவுகூர்ந்தது. நல்லது. கேட்க ஆள் இருந்தது, கிடைத்தது.

மீதி 123 பேரில் பெரும்பாலோர் கப்பலின் இந்தியச் சிப்பந்திகள், லஸ்கர்கள் என்பார்கள். குண்டு வெடித்த இடத்துக்குப் பக்கத்தில், கீழே, வெக்கையில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். போரில் கடலில் மாண்ட இப்படிப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளின் பெயர்கள் ஏட்டில் எழுதப்பட்டு, மும்பையிலும் சிட்டகாங்கிலும் இருக்கின்றன. ஏட்டைத் திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களைத் தமிழர்கள் என்று உரிமை கொண்டாட இதை எழுதவில்லை. நம் சனங்களைப் பதினான்கு ஆண்டுகள் கரை சேர்த்த கப்பலில் வேலை பார்த்தவர்கள். அந்த உறவு போதும்.

ரஜூலாவும் போரில் படை ஏற்றியது. ஆனால் பிழைத்து வந்து பழைய தடத்திலேயே 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதனால் ரஜூலா எல்லோர் வாயிலும் இருக்கிறது. ரோனாவில் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் "ரஜூலாவில் போனார்" என்றே சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் கதையிலும் இந்தக் கலப்பு இருக்கலாம்.

2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மறுபடி கிளம்பியது. அந்தக் கப்பலுக்காகப் பயணிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரு பலகை வையுங்கள் என்பதே என் கோரிக்கை. இரண்டு கப்பல்களின் படமும் அதில் இருக்கட்டும். டெக்கில் போன கூலிகள், எஞ்சின் அறையில் வெந்த லஸ்கர்கள், ஊர் போய்ச் சேராத அமெரிக்கப் பையன்கள் மூவரையும் எழுதுங்கள். முதலாளிகள், கேப்டன்கள் பெயரைப் போடுவதானால் அடியில் சின்ன எழுத்தில் போதும். மும்பைக்கு எழுதி ரோனாவின் சிப்பந்திகள் பட்டியலை வாங்கி நாகை அருங்காட்சியகத்தில் வையுங்கள். அதைவிட அவசரமான வேலை, போருக்குப் பின் ரஜூலாவில் வந்துபோனவர்களின் பேச்சைப் பதிவு செய்வது. போர் முடிந்த கொஞ்ச காலத்தில் குழந்தையாக வந்திறங்கியவர்களுக்கே இப்போது எழுபது, எண்பது வயது.

பாட்டியின் பெட்டியை அருங்காட்சியகத்துக்குத் தர எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். மூடி கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. எப்போது கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாகைக்காரன் ஒருவன்