பூசணி பூத்தும் பிஞ்சு நிற்காதது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தஞ்சைப் பக்கம் பரங்கி என்றும் எங்கள் கொங்குப் பகுதியில் அரசாணி என்றும் வழங்கும் மஞ்சள் பூசணியைப் பயிரிடுவோர் பலர், கொடி நன்றாகப் படர்ந்து பூவும் நிறையப் பூத்த பிறகு பிஞ்சு நிற்கவில்லையே என்று வருந்துவதையும், மருந்துக் கடையில் கேட்டு ஒன்றன்பின் ஒன்றாக டானிக் வாங்கித் தெளிப்பதையும் காண்கிறேன். அதே தவற்றை நானும் செய்தேன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆடியில் ஒரு ஏக்கரில், இரண்டு மீட்டருக்கு ஒரு குழி எடுத்துத் தொழுவுரம் இட்டு, ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எடையுள்ள சிறு காய் தரும் கோ 2 ரகத்தை ஊன்றினேன். நாற்பது நாளில் தரை தெரியாமல் கொடி மூடியது. ஆனால் எலுமிச்சை அளவு வந்த பிஞ்சுகள் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தன. வெள்ளை ஈயால் தேமல் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தில், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட எண்ணி, காலை ஏழு மணிக்கே பூச்சிமருந்து அடித்துவந்தேன். பிஞ்சு உதிர்வதற்கு அதுவே காரணம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. ஆண்பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். பெண்பூவின் அடியில் மலரும் முன்பே குண்டுப் பிஞ்சு இருக்கும். மார்கழிக் கோலத்தில் வைக்கப் பூப் பறிக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள், பிஞ்சு உள்ள பூவில் கை வைக்கவே மாட்டார்கள். இப்பூக்கள் விடியலில் விரிந்து, முற்பகலுக்குள் வாடி மூடிக்கொள்பவை. மறுநாள் மீண்டும் விரியா. மகரந்தமோ கனமும் பிசுபிசுப்பும் கொண்டதாகையால் காற்று அதைச் சுமந்து செல்லாது. தேனீதான் ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்; சேராவிட்டால் பிஞ்சு உதிர்ந்துவிடும். ஆகவே காலையில் அடிக்கும் மருந்து, தேனீ பூவுக்குள் இறங்கும் அதே நேரத்தில் அதன்மேல் விழுகிறது. பெண்பூ மிகுவதற்காக எத்ரல் என்னும் பயிர் வளர்ச்சி ஒழுங்கியைத் தெளிக்கச் சொல்கிறார்கள். அது பயன் தருவதே ஆயினும், தேனீ வராத வயலில் பெண்பூ பெருகினால் உதிரும் பிஞ்சும் பெருகும், அவ்வளவே.

ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லி, ஒரு நாள் விடியலில் வயலுக்குப் போய் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு தேனீகூட வரவில்லை. அன்றே நானும் என் மனைவியும் ஆண்பூக்களைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தேய்த்து, அடையாளத்துக்கு நூல் கட்டி வைத்தோம். நூல் கட்டிய பிஞ்சுகளில் பெரும்பாலானவை நின்று காயாயின; கட்டாதவை முன்போலவே உதிர்ந்தன. வீட்டுத் தோட்டத்தில் நாலு கொடி வைத்திருப்போருக்கு இது எளிய வழி. ஒரு ஏக்கருக்கு இதைச் செய்யக் கூலி கட்டாது.

மருந்து அடித்தே தீர வேண்டுமெனில், பூக்கள் மூடித் தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் அடிக்கலாம். இதை நான் ஒருவன் மட்டும் கடைப்பிடித்தால் போதாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் காலையில் அடித்தாலும் அதே தேனீதான் சாகும். எனவே வேளாண்மை மற்றும் தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் ஊர்தோறும் கூட்டம் நடத்தி, பூக்கும் பருவத்தில் காலைத் தெளிப்பைத் தவிர்க்குமாறு விவசாயிகள் அனைவரிடமும் ஒருமித்து வலியுறுத்த வேண்டும். மருந்து விற்பவர்கள் எந்த வேளையில் அடிக்க வேண்டும் என்பதை விலைச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். தேனீப் பெட்டிகளுக்கான மானியத்தில், பூசணி, பாகல், புடல் போன்ற கொடிக் காய்கறி பயிரிடுவோருக்கு முன்னுரிமை அளித்து, விதை ஊன்றும் ஆடி, மார்கழிப் பட்டங்களுக்கு முன்பாகவே பெட்டிகள் கைக்குக் கிடைக்கச் செய்யுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.