மருந்துக்கடை அண்ணாச்சிக்கு

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நேரில் சொன்னால் "இதுக்கெல்லாமா தம்பி நன்றி?" என்று அடுத்த ஆளின் சீட்டுக்குக் கை நீட்டிவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்குச் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய். முக்கூடலில் நாற்பது வருடம் மடியில் சுளகு வைத்து பீடி சுற்றியவள். சமையலும் பாதி ஆயுள் விறகடுப்பில். ஒரு பீடிகூடப் பற்றவைத்ததில்லை. "இழுக்காதவளுக்கு இழுப்பு வந்திருக்கு பாரு" என்று அவளே சிரிப்பாள்.

ஓர் ஆஸ்பத்திரியில் ரோட்டாகேப் எழுதிக் கொடுத்தார்கள்; சின்னக் கருவியில் போட்டு வாயால் இழுக்கிற பொடி கேப்சூல். எப்படி எடுப்பது என்று யாரும் காட்டவில்லை. கூடப் போன நானும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து உங்கள் கடைக்கு வந்தபோது, "எப்படி எடுக்கிய, காட்டுங்க பார்ப்போம் ஆச்சி" என்றீர்கள்.

அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

நுரையீரலுக்குப் போகவேண்டிய பொடி மூன்று வாரமாக வயிற்றுக்குப் போயிருக்கிறது! நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை, திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவளை உட்காரவைத்து இழுக்கச் சொன்னீர்கள். கேப்சூலில் பாதிப் பொடி அப்படியே நின்றது. "இதை வேகமா, பலமா இழுக்கணும். ஆச்சிக்கு அவ்வளவு மூச்சு இல்லை" என்றவர், நீங்களாக எதையும் மாற்றிக் கொடுக்காமல் டாக்டருக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதினீர்கள். அவர் அதைப் படித்துவிட்டு, மருந்தைப் பீய்ச்சும் பம்ப்பும் அதோடு மாட்டும் குழாய் மாதிரியான ஸ்பேசரும் எழுதினார்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய பாடம். பம்பைக் குலுக்கணும், மூச்சை வெளியே விட்டுவிட்டு ஸ்பேசரை வாயில் கவ்வணும், ஒரே அழுத்து, மெதுவாக இழுக்கணும், பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கணும். நாளைக்கு ஆயிரம் பீடி எண்ணியவளுக்கு ஆறைத் தாண்ட முடியவில்லை. "ஆறு போதும் ஆச்சி, நாளைக்கு ஏழு" என்றீர்களே, அந்தப் பொறுமை எனக்கு வராது.

மருந்து எடுத்ததும் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஸ்பேசரை அம்மா வெண்கலப் பானை மாதிரித் துண்டால் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தாள். துணியால் தேய்த்தால் மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிடுங்கள் என்றீர்கள். அதைத்தான் அவளால் இன்னும் ஏற்கமுடியவில்லை!

பம்ப்பில் எண் குறைந்ததும் போன் போட்டு நினைவூட்டும் கடைத் தங்கச்சிக்கும், மழையானாலும் அம்மாவைக் கூட்டிவரும் எதிர்வீட்டு மயினிக்கும் இதில் பங்குண்டு.

நோய் முழுசாகப் போகாது என்று முதல்நாளே சொல்லிவிட்டீர்கள். சரி, போகவேண்டாம். பத்து அடிக்கு ஒருதரம் திண்ணை தேடியவள் இப்போது ஆற்றங்கரை வரை நடக்கிறாள்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். உங்களுக்குச் சுகர் என்று அம்மா சொல்லிவிட்டாள், அதனால் அல்வா கிடையாது. வரும் வழியில் சாத்தூர்ச் சேவு வாங்கிவருகிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் ஆச்சியின் மகன்